அம்பாசடர் பெட்ரோல் இன்ஜின்: எது கோளாறு, எது இயல்பு?

எங்கள் வீட்டு அம்பாசடரை அப்பா 80களின் கடைசியில் வாங்கினார். இன்றும் ஓடுகிறது. அதன் இன்ஜினை இதுவரை இரண்டு முறை பிரித்திருக்கிறோம். அதில் ஒரு முறை பிரித்திருக்கவே வேண்டாம். கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். "பின் சீல் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்றார்கள். இறக்கி மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாவது வாரம், அதே இடத்தில் அதே சொட்டு. அந்த இன்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் சொல்வது பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பற்றி. 90களில் வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வேறு ரகம், அதற்கு இது பொருந்தாது. இந்த 1489 சிசி இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. 1950களில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடிய அதே இன்ஜின்தான் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாராகி அம்பாசடரில் ஏறியது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருக்கும், புஷ் ராட் என்ற கம்பி வழியாக வால்வைத் திறக்கும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். முரட்டு இன்ஜின் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அதன் சுபாவம் தெரியாமல் கை வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். நான் பார்த்தவரை, இந்த இன்ஜின்களில் பாதிக்கு மேல் வயதால் சாகவில்லை. இயல்பைக் கோளாறு என்றும், கோளாறை இயல்பு என்றும் மாற்றி நினைத்ததால்தான் செத்தன.

முதலில் அந்த ஆயில் சொட்டு. கிராங்க்‌ஷாஃப்டின் பின்முனையில் திருகு மரை போல ஒரு வரி வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுழலும்போது வெளியே வரப் பார்க்கும் ஆயிலை அந்த மரை உள்ளே திருப்பித் தள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு. இன்ஜின் நின்றதும் தள்ளுவதற்கு எதுவும் இல்லை, கொஞ்சம் கசியத்தான் செய்யும். முன்பக்கம் மேடாக நிறுத்தினால் இன்னும் கூடுதலாகக் கசியும். ராத்திரிக்குச் சில சொட்டு என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்ப்ளிட் பின்னும் இருக்கும். கசிந்த ஆயில் வெளியேறத்தான் அந்த வழி, அது அடைபடாமல் இருக்கத்தான் அந்தப் பின். சொட்டை நிறுத்துகிறேன் என்று அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். உள்ளே தேங்கிய ஆயில் கிளட்ச் பிளேட்டை நனைத்து, மேட்டில் வண்டி ஏறாமல் போய்விட்டது.

சொட்டு திடீரென்று ஒழுக்காக மாறினால் மட்டும் கவனியுங்கள். அப்போதும் இன்ஜினை இறக்குவதற்கு முன், உள்ளே சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதரைப் பாருங்கள். முன்பக்க டேப்பட் கவரிலிருந்து வரும் அந்தக் குழாயில் அழுக்கு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் கிடைத்த சந்தில் எல்லாம் வெளியே வரும். மண்ணெண்ணெயில் கழுவினால் தீர்ந்துபோகும் விஷயம் இது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு டேப்பட் கவரையும் பாருங்கள். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கும். கசிகிறதே என்று அதை மேலும் மேலும் முறுக்கினால் தகடு குழிந்துபோய் ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு அதிகமாகும். தகட்டைத் தட்டி நேராக்கி, புது கார்க் கேஸ்கெட் போட்டு, அளவாக முடுக்கினால் போதும்.

அடுத்தது டேப்பட் சத்தம், அதாவது வால்வைத் திறக்கும் பாகங்கள் தட்டும் சத்தம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்த இன்ஜினில் வால்வு முனைக்கும் அதை அழுத்தும் ராக்கர் என்ற கைக்கும் நடுவே உள்ள வால்வு இடைவெளி 0.015 இன்ச், அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர். மெக்கானிக்குகள் 15 தௌ என்பார்கள். இவ்வளவு இடைவெளி இருந்தால் லேசான டிக்டிக் சத்தம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சத்தம் பிடிக்காமல் இடைவெளியைக் குறைத்தால், சூடேறியதும் வால்வு முழுதாக உட்காராது. உட்காராத வால்வு தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்க முடியாமல் கருகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஹெட்டில் வால்வு உட்காரும் இடமான வால்வு சீட் தனி வளையம் அல்ல, வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. பெட்ரோலில் ஈயம் இருந்த காலத்தில் அந்த ஈயம் சீட்டுக்கு ஒரு பூச்சு போல நின்று தேய்மானத்தைத் தடுத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் சீட் மெல்ல உள்வாங்கும், வால்வு மேலேறும், இடைவெளி தானாகக் குறையும். அப்போது டேப்பட் சத்தமும் அடங்கும். "இப்போ இன்ஜின் சைலன்ட்டா ஓடுது" என்று சந்தோஷப்படும் நேரம்தான் ஆபத்தான நேரம். 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு நினைவிருந்தால் போதும்: எட்டாவது முழுசாகத் திறந்திருக்கும்போது முதலாவதை வையுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரும். ஹெட் வேலை வரும் நாளில் கடினமான தனி சீட் வளையம் போடச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான், பிறகு அந்தக் கவலை இருக்காது.

ராக்கர் ஷாஃப்டைக் கழற்றுவதில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. ராக்கரைப் பிடித்திருக்கும் எட்டு நட்டில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அது தெரியாமல் ராக்கர் நட்டுகளை மட்டும் கழற்றினால் ஹெட்டின் ஒரு பக்கம் மட்டும் தளர்ந்து, மறுபக்கம் இறுக்கிப் பிடித்தபடி இருக்கும். ஹெட் கோணிக்கொள்ளும், தண்ணீர் சிலிண்டருக்கும், அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்புக்கும் போய்விடும். சின்ன வேலை என்று ஆரம்பித்தது ஹெட் கேஸ்கெட்டில் முடியும். சரியான முறை இதுதான்: முதலில் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட் நட் எல்லாவற்றையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். திரும்ப முடுக்கும்போது நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். ஹெட் நட்டுக்கு 40 பவுண்ட்-அடி, அதாவது சுமார் 5.5 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு. முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் "கை அளவு தெரியும்" என்று சொல்பவரிடம் இந்த வேலையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

அப்புறம் சூடு. இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுப்பது தெர்மோஸ்டாட். நம் வெயிலுக்கு அது எதற்கு என்று கழற்றி எறிவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கழற்றினால் இன்ஜின் சூடேறவே நேரமாகும். குளிர்ந்த சிலிண்டரில் முழுதாக எரியாத பெட்ரோல் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு சம்பில் இறங்கும். மைலேஜும் போகும், சிலிண்டரின் உட்சுவரும் தேயும். உண்மையில் இன்ஜின் கொதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிளாக்கின் பின்பகுதியில் இருக்கும். வருஷக்கணக்கில் கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஊற்றிய பிளாக்கில் துருவும் சேறும் பின்பக்கம் போய்ப் படியும், நான்காவது சிலிண்டரைச் சுற்றி ஓட்டம் நின்றுவிடும். ரேடியேட்டரை மட்டும் பூச்சிக்கூடு நீக்கிக் கழுவினால் அது தீராது. பிளாக்கிலேயே ஒரு வடிகால் டேப் இருக்கிறது, அதைத் திறங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் காலி என்று நினைக்காதீர்கள், கம்பி விட்டுக் குத்துங்கள். எங்கள் வண்டியில் அந்த ஓட்டையிலிருந்து வெளிவந்த சிவப்புச் சேறு ஒரு டம்ளர் இருந்தது. சுத்தம் செய்தபின் டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்ட்டும் கலந்து ஊற்றுங்கள். கொதித்த இன்ஜினில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. வார்ப்பிரும்பு ஹெட் வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடும்.

மதிய வெயிலில் டிராஃபிக்கில் நின்று ஸ்டார்ட் ஆகாமல் போவது தனிக் கதை. கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் இன்ஜின் இது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியில் அடைத்துக்கொள்ளும். பழைய டாக்சி டிரைவர்கள் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான். அந்த வைத்தியம் இன்றும் பலிக்கும். பம்ப் போய்விட்டது என்று அவசரப்பட்டுப் புதிதாக வாங்க வேண்டாம். ஆனால் இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அது ஊறவைத்து விரிசல் விடச் செய்யும். எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும், இதில் அலட்சியமே கூடாது. எத்தனால் தாங்கும் ஹோஸ் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பிளக்குக்குப் பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.014 முதல் 0.016 இன்ச். கண்டன்சர் மலிவானது வாங்காதீர்கள், பழையது வேலை செய்தால் அதை வண்டியிலேயே வைத்திருங்கள். ஆயில் 20டபிள்யூ-50. புதுக் கார்களுக்கு வரும் மெல்லிய ஆயில் விலை அதிகம் என்பதால் நல்லது என்று ஊற்ற வேண்டாம், சூட்டில் பிரஷர் விழுந்துவிடும். வடிவமைப்பிலேயே கம்ப்ரஷன் விகிதம் குறைந்த இன்ஜின் என்பதால் பிரீமியம் பெட்ரோலால் எந்தப் பயனும் இல்லை.

புகை வருகிறது, சிலிண்டரைக் கடைந்து 'போர்' பண்ண வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பிளாக்கைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, ஷெட்டில் வருஷக்கணக்கில் நின்ற வண்டி. தாத்தா வண்டியை எடுக்கிறோம் என்ற ஆசையில் புது பேட்டரி மாட்டி நேராகச் சாவியைத் திருப்பாதீர்கள். பேரிங்கில் ஆயில் துளி இருக்காது. பழைய பெட்ரோலையும் ஆயிலையும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். இறுகினால் பலம் கொடுக்காமல் இன்னும் இரண்டு நாள் விடுங்கள். தடையில்லாமல் சுற்றிய பிறகு, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடியுங்கள், பத்துப் பத்து விநாடியாக. ஆயில் பிரஷர் முள் எழும்பிய பிறகு, அல்லது ஆயில் விளக்கு அணைந்த பிறகு, பிளக்கை மாட்டுங்கள்.