லேமின் குறைந்தது என்று எழுதும் முன்

லேபிள் எழுத மறப்பது, பைப்பெட் முனை மாறுவது போன்றவை நாளடைவில் தானாகத் திருந்திவிடும். உட்கருப் புரதமான லேமினையும் டிஎன்ஏ உடைவையும் அளக்கும்போது திருந்தாமலே தொடரும் தவறுகளை இங்கே சொல்கிறேன்.

பெல்லட்டை வீசுவது

கிண்டி, தரமணி ஆய்வகங்களுக்குத் திட்டப்பணிக்கு வரும் மாணவர்கள் பலர் இதையே செய்கிறார்கள். மருந்து கொடுத்த செல்களை 1% டிரைட்டான் (சவ்வைக் கரைக்கும் மென்மையான சோப்பு) கலந்த பஃபரில் உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்தெளிவை எடுத்துக்கொண்டு, அடியில் படியும் பெல்லட்டை வீசிவிடுகிறார்கள். வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் பிரித்த புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) லேமின் ஏ பட்டை மங்கலாக வருகிறது. உடனே "லேமின் குறைந்தது, அதனால் டிஎன்ஏ உடைந்தது" என்று அறிக்கை தயாராகிவிடுகிறது.

லேமின் பெரும்பகுதி அந்தப் பெல்லட்டில்தான் இருந்தது. உட்கருச் சவ்வின் உட்புறத்தில் வலையாகப் பின்னிக்கிடக்கும் இந்தப் புரதம் டிரைட்டானுக்கும் அதிக உப்புக்கும் அசையாது. 1970களில் அதைப் பிரித்தெடுத்ததே இந்தக் கரையாத குணத்தை வைத்துத்தான். செல் பிரியும்போது சிடிகே1 என்ற நொதி பாஸ்பேட் ஏற்றி வலையைக் கலைத்தால்தான் பெருமளவு கரையும். ஆகவே, பிரிவதற்கு முன்பே செல்களை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால் மேல்தெளிவில் லேமின் குறையும். மொத்த அளவு மாறியிருக்காது. மூன்று முறை செய்தாலும் இதே முடிவுதான் வரும். அதை நம்பி மாதக்கணக்கில் வேலையை மேலே மேலே அடுக்குகிறார்களே, அதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

பதிலாக, செல்களைப் பிபிஎஸ் உப்புக்கரைசலில் கழுவி, 2% எஸ்டிஎஸ் (லேமினையும் கரைக்கும் வலுவான சோப்பு) உள்ள டிரிஸ் பஃபரை நேராகத் தட்டிலேயே ஊற்றிச் சுரண்டுங்கள். 95 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள். டிஎன்ஏவால் கொழகொழவென்று இருக்கும். சோனிகேட் செய்தால் (ஒலி அலையால் டிஎன்ஏவை உடைத்தால்) இளகும். ஐஸில் வைக்காதீர்கள், எஸ்டிஎஸ் படிந்துவிடும். புரத அளவைப் பிசிஏ முறையில் பாருங்கள். இவ்வளவு எஸ்டிஎஸ் இருந்தால் இன்னொரு அளவு முறையான பிராட்ஃபோர்டு சரிவராது. மெர்காப்டோஎத்தனாலையும் சாயத்தையும் அளந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

லேமின் பி1-ஐ லோடிங் கன்ட்ரோலாக வைப்பது

வேண்டாம். எல்லா மாதிரியிலும் ஒரே அளவு புரதம் ஏற்றியதைக் காட்டத்தான் லோடிங் கன்ட்ரோல்; முதுமையடைந்த செல்களில் லேமின் பி1-ஏ குறையும்.

எல்லாவற்றுக்கும் 8% ஜெல்

லேமின் ஏ சுமார் 74 கிலோடால்டன், சி சுமார் 65. டிஎன்ஏ உடைந்த இடத்தைக் காட்டும் காமா-ஹெச்2ஏஎக்ஸ் புரதம் 15தான், 8% ஜெல்லில் அடியோடு ஓடிப்போகும். அதற்கு 15% ஜெல்லும் 0.2 மைக்ரான் மெம்பிரேனும் வேண்டும்.

48 மணி நேரத்தில் முடிவெடுப்பது

லேமின் மரபணுவை அடக்க எஸ்ஐஆர்என்ஏ கொடுத்ததும் அதன் எம்ஆர்என்ஏ சரியும், ஆனால் பழைய லேமின் புரதம் நின்றிருக்கும். 72 முதல் 96 மணி வரை காத்திருந்து, புரதத்தையே பிளாட்டில் பாருங்கள்.

புள்ளிகளை எண்ணுவது

நுண்ணோக்கியில் டிஎன்ஏ உடைவுகள் காமா-ஹெச்2ஏஎக்ஸ் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். உட்கரு முழுக்கக் காமா-ஹெச்2ஏஎக்ஸ் ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் சாகும் செல்; கணக்கில் சேர்க்காதீர்கள். டிஎன்ஏ நகலெடுக்கும் செல்களிலும் இயல்பாகவே சில புள்ளிகள் இருக்கும், அவற்றை எட்யூ (நகலெடுக்கும் டிஎன்ஏவில் சேரும் குறிப்பான்) கொண்டு பிரித்துப் பாருங்கள். உடைந்த இடத்துக்குப் பழுதுபார்க்க வரும் 53பிபி1 புரதத்தை மட்டும் நம்புவது இன்னும் ஆபத்து. லேமின் ஏ இழந்த செல்லில் புரதத்தை வெட்டும் கேதெப்சின் எல் நொதி பெருகி 53பிபி1-ஐச் சிதைக்கக்கூடும். அப்போது டிஎன்ஏ உடைந்தபடியே கிடக்க, பழுதுபார்க்க வரவேண்டிய புரதம்தான் குறைந்திருக்கும். காமா-ஹெச்2ஏஎக்ஸ், 53பிபி1 இரண்டுக்கும் உரிய ஆன்டிபாடிகளை ஒரே கவர்ஸ்லிப்பில் போட்டு, மொத்த 53பிபி1 அளவையும் பிளாட்டில் பாருங்கள்.