ஊரைப் பற்றிச் சேர்ந்து எழுத வலைப்பதிவா, விக்கியா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோர்ட் டைப்பிங், எப்போதாவது ஒரு கவிதைப் புத்தகம். கொஞ்ச காலமாக வேறு ஒரு வேலையும் வந்து சேர்கிறது. "நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து ஊரைப் பத்தி எழுதப் போறோம், ஒரு சைட் போட்டுக் கொடுங்க" என்று வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: நேற்று எழுதியதை இன்றைக்கு மாற்ற வேண்டி வந்தால், அதன் மேலேயே திருத்துவீர்களா, இல்லை, அதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக இன்னொன்று எழுதுவீர்களா?

மேலேயே திருத்த வேண்டிய சங்கதி என்றால் விக்கி, அதாவது குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தைத் திருத்திக்கொண்டே போகக்கூடிய தளம். அப்படியே நிற்க வேண்டியது என்றால் வலைப்பதிவு, அதாவது எழுதியவர் பெயரும் தேதியும் போட்டுத் தனித்தனிப் பதிவாக வரும் தளம். எது நவீனம், எது அழகு என்பதெல்லாம் அப்புறம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி ஊருக்குள் வந்தது. அந்த மாதிரி நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஓடும் பட்டியல்களை நினைத்துப் பாருங்கள். எந்தச் சாலை அடைப்பு, எந்தப் பள்ளியில் முகாம், படகுக்கு யாரைக் கூப்பிடுவது. காலையில் போட்ட பட்டியல் மதியமே பழசு. ஆனால் பழசும் புதுசும் சேர்ந்தே சுற்றும். வலைப்பதிவில் போட்டாலும் இதே கதைதான். புதுப் பதிவு வந்த பிறகும் முந்தைய பதிவின் சுட்டியை யாராவது அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். விக்கியில் அந்தப் பட்டியலுக்கு ஒரே பக்கம், ஒரே முகவரி. எப்போது திறந்தாலும் கடைசியாகத் திருத்தியதுதான் தெரியும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பது பக்கத்தின் வரலாற்றில் இருக்கும். ஒருவர் தெரியாமல் பாதியை அழித்துவிட்டாலும் முந்தைய வடிவத்தை மீட்டுவிடலாம்.

இன்னொரு பக்கம், 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை ஒரு தோப்புக்காரர் சொல்கிறார் என்று வையுங்கள். காற்று எத்தனை மணிக்கு எழும்பியது என்பதில் அவர் கணக்கு வானிலை அறிக்கையோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதை யாரும் திருத்தக்கூடாது. அது அவர் பேச்சு, அவர் பெயர், அவர் சொன்ன தேதி. விக்கியில் போட்டால் யாராவது ஒரு நல்லவர் வந்து மணியைச் சரிசெய்துவிட்டுப் போவார். சுனாமி நினைவு, பழைய தியேட்டர் நினைவு, முதுநகர் துறைமுகத்தில் வேலை பார்த்த அனுபவம் எல்லாம் வலைப்பதிவுக்குத்தான். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே பின்னூட்டத்தில் எழுதட்டும்.

சில விஷயங்களுக்கு இரண்டும் வேண்டும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, அதாவது செயின்ட் டேவிட் கோட்டையை, 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் கம்பெனிக்கு என்று ஏற்பாடு. அந்த எல்லைக்குள் வந்த ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். எந்தெந்த ஊர் அதில் சேரும் என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். இந்தப் பட்டியல் விக்கிக்கு. சண்டையை அதன் உரையாடல் பக்கத்தில், அதாவது கட்டுரையைப் பற்றிப் பேசிக்கொள்வதற்கான தனிப் பக்கத்தில், போட்டுக்கொள்ளலாம். முடிவானது மட்டும் கட்டுரைக்குள் வரும். வலைப்பதிவில் சண்டை பின்னூட்டத்திலேயே தங்கிவிடும், மேலே இருக்கும் கட்டுரை தப்போடு அப்படியே நிற்கும். ஆனால் உங்கள் தாத்தா தன் ஊர் குண்டு கிராமம்தான் என்று அடித்துச் சொன்ன கதை இருக்கிறதே, அது வலைப்பதிவு. விக்கியிலிருந்து அதற்கு ஒரு இணைப்பு கொடுத்துவிடுங்கள்.

"இதுக்குத்தான் விக்கிப்பீடியா இருக்கே" என்பார்கள். 2003இலிருந்து தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது, உண்மைதான். பாடலீசுவரர் கோயிலுக்கும் கோட்டைக்கும் அது சரி. உங்கள் தெருவில் மழைநீர் எங்கே தேங்கும் என்பதற்கு அங்கே இடமில்லை. அச்சிலோ வேறு நம்பகமான இடத்திலோ ஏற்கெனவே வந்ததைத்தான் அது ஏற்கும்; நீங்களே விசாரித்துக் கண்டுபிடித்ததை ஏற்காது. அதற்குச் சொந்தமாக ஒரு விக்கி நிறுவிக்கொள்ள வேண்டும்.

வலைப்பதிவு போடுவது சுலபம். பிளாகரில் கூகுள் கணக்கு இருந்தால் போதும், அமைப்புகளில் போய் மற்றவர்களை எழுத்தாளர்களாக அழைக்கலாம். அவரவர் பதிவை மட்டும் அவரவர் தொட முடியும், நிர்வாகி எல்லாவற்றையும் தொடலாம். ஒருவர் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியாக வேண்டும் என்றால் வேர்ட்பிரஸ் எடுங்கள். அதில் பங்களிப்பாளர் என்ற நிலையில் இருப்பவர் எழுதி அனுப்பலாம், வெளியிட முடியாது.

விக்கிக்கு இரண்டு மென்பொருள் சொல்வேன், இரண்டும் இலவசம். சின்னக் குழுவுக்கு டோக்குவிக்கி. தரவுத்தளம் வேண்டாம், ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக்கோப்பு; பிஎச்பி என்ற நிரல்மொழி ஓடும் மலிவான ஹோஸ்டிங்கே (தளத்தை வைக்கும் வாடகை இடம்) போதும். ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்தும்போது அது மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். ஒரே ஊருக்குப் பல பெயர்கள் வரும் என்றால் விக்கிப்பீடியா ஓடுகிற மீடியாவிக்கி. அதில் பூட்டு கிடையாது. இருவர் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், பின்னால் சேமிப்பவருக்குத் தொகுப்பு முரண்பாடு என்று வந்து நிற்கும், அவர்தான் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். ஆனால் ஒரு பெயரில் தேடினாலும் இன்னொரு பெயரில் இருக்கும் பக்கத்துக்கே கொண்டுபோய்விடும் வழிமாற்று வசதி கூடவே வருகிறது. நம் ஊரில் அது இல்லாமல் முடியாது: திருப்பாதிரிப்புலியூரைத் திருப்பாப்புலியூர் என்றுதானே பாதிப்பேர் தேடுவார்கள்.

மென்பொருளைவிட ஆட்கள் விஷயம்தான் கஷ்டம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் விக்கியில் ஒரு பக்கம் எழுதிவிட்டார் என்றால், அதில் அப்புறம் ஒருத்தரும் கைவைக்க மாட்டார்கள். "ஐயா எழுதினதுல நான் எப்படிங்க திருத்துறது?" என்பார்கள். மரியாதை நல்லதுதான், ஆனால் விக்கி அங்கேயே செத்துவிடும். அதனால் பெரியவர்களை முழுக் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். உரையாடல் பக்கத்தில் குறிப்பாக எழுதட்டும், இல்லை, குரல் பதிவாக அனுப்பட்டும். இளையவர்கள் அதை எடுத்துக் கட்டுரையில் சேர்க்கட்டும். முதல் பக்கங்களை வேண்டுமென்றே அரைகுறையாக விட்டுவைப்பதும் பலன் தரும். "இந்தக் குளத்தின் பரப்பளவு தெரியவில்லை" என்று ஒரு வரி இருந்தால் தெரிந்தவருக்குக் கை சும்மா இருக்காது. பெயர் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு விக்கி ஒத்துவராது, அவரை மரியாதையாக வலைப்பதிவுக்கு அனுப்பிவிடுங்கள். அதில் தப்பொன்றும் இல்லை.

உரிமம் என்ன என்பதை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வு உரிமம் வசதி. பல கை சேர்ந்து எழுதிய பிறகு ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து அனுமதி கேட்பது நடக்கிற காரியமில்லை.

பழைய கோப்புகள் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒருமுறை கண்ணால் படியுங்கள். முக்கியமாக 'கௌரி' என்பது ளகரம் போட்டு 'கெளரி' என்று நிற்கிறதா பாருங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், தேடினால் அகப்படாது.

அப்புறம் நகல். டோக்குவிக்கியில் தரவுக் கோப்புறையையும் அமைப்புக் கோப்புறையையும் பென்டிரைவில் இழுத்துப் போட்டால் ஆயிற்று. மீடியாவிக்கியில் தரவுத்தளத்தையும் படங்கள் இருக்கும் கோப்புறையையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். வலைப்பதிவென்றால் பதிவுகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னாலேயே செய்து, ஒரு நகலை வெளியூரில் இருக்கும் குழுக்காரர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கடவுச்சொல்லையும் இரண்டு பேராவது தெரிந்து வைத்திருங்கள்.