வீட்டு மல்லி பூக்கவில்லையா? கத்தரியை எடுங்கள்

மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். போன வருஷத்துக் கிளையில் இலை மட்டும்தான் மிஞ்சும். மாடியிலும் வாசலிலும் ஆள் உயரத்துக்குக் கொடிபோல ஓடி, பச்சைப் பசேலென்று நின்று, சித்திரையில்கூட நாலு பூவுக்கு மேல் தராத செடிகளை விசாரித்துப் பார்த்தால், வைத்த நாளிலிருந்து யாரும் அவற்றில் கத்தரி வைத்திருக்க மாட்டார்கள். திருப்பரங்குன்றம், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களைக் கார்த்திகை மாதத்தில் பாருங்கள். மல்லி முழுக்க மொட்டையாக, முழங்கால் உயரக் குச்சியாக நிற்கும். அதே தோட்டம்தான் மாசி, பங்குனியில் வெள்ளை வெளேரென்று மொட்டுத் தள்ளி, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை கட்டும். வீட்டில் ஒரே ஒரு செடி வைத்திருப்பவருக்கும் இந்த வேலையிலிருந்து விலக்கு கிடையாது.

எந்தச் செடி வாங்குவது

2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, குண்டு மல்லி வகை. தாவரப் பெயர் ஜாஸ்மினம் சம்பாக். இதழ் தடிப்பு, காம்பு நீளம். நாரில் கட்ட வாகாக இருப்பதும், சீக்கிரம் வாடாமல் நிற்பதும் அதனால்தான். நர்சரியில் வெறுமனே ‘மல்லி’ என்று கேட்டால் முல்லையோ பிச்சியோ அடுக்கு மல்லியோ கைக்கு வந்துவிடும். பூ இல்லாத நாற்றிலும் இலையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். குண்டு மல்லிக்குக் கணுவுக்கு இரண்டாக, எதிரெதிரே, அகலமான தனி இலைகள். பிச்சிக்கு ஒரே காம்பில் வரிசையாகச் சிற்றிலைகள். முல்லையின் இலை சிறிது. அதன் அடியில் பொடிசாக இரண்டு துணை இலைகள் இருக்கும். இந்த வித்தியாசம் பின்னால் கவாத்துக்கும், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்கும், தேவைப்படும், ஏனென்றால் மூன்றுக்கும் வெட்டும் மாதம் வேறு வேறு.

மதுரைப் பக்கம் விற்கும் நாற்றில் பெரும்பகுதி ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்து மணலில் வேர்விட்ட குச்சிகள். பையைக் கையில் தூக்கிப் பாருங்கள். அடியில் வேர் எட்டிப் பார்க்கவேண்டும். ஆனால் பைக்குள் கயிறு மாதிரிச் சுற்றிக் கிடக்கக் கூடாது. வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தால் அது நூற்புழு. அந்த நாற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒருமுறை மண்ணுக்குள் வந்துவிட்டால் அதைத் துரத்துவது பெரும்பாடு.

குழியும் மண்ணும்

ஆடிக் கடைசியில் தொடங்கி ஐப்பசிவரை நடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் நட்ட நாற்று வேர் பிடிப்பதற்குள் கருகிவிடும்.

வெயில் முதல் நிபந்தனை. நாளுக்கு 6 மணி நேரம் நேர் வெயில் படாத இடத்தில் மல்லி வைப்பதில் பயனில்லை. வேப்பமர நிழலிலும் இரண்டு சுவர்களுக்கு நடுவிலும் செடி வளரும், பூக்காது. அப்படிப்பட்ட வீடுகளில் மொட்டை மாடித் தொட்டிதான் சரி.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். தோண்டிய பிறகு பத்துப் பதினைந்து நாள் வெயிலில் ஆறப்போடுங்கள். நன்றாக மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோ, மேல்மண் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வேர் வேகும், கறையானும் வரும். செடிக்குச் செடி 4 அடி விடவேண்டும். நாற்று சிறிதாக இருக்கிறதே என்று நெருக்கி நட்டால் மூன்றாம் வருஷம் உள்ளே காற்றோட்டம் போய்விடும். பூச்சிக்கு அதைவிட நல்ல வீடு இல்லை.

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் மழைத் தண்ணீர் நாள் கணக்கில் நிற்கும். அங்கே குழி வெட்டாமல், தரைக்கு மேலே ஒரு அடிக்குச் செம்மண் மேடு கட்டி அதில் நடுவது நல்லது. புது வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. சுவர் ஓரமாக இரண்டு அடிக்குக் கட்டட இடிபாடும் சிமெண்டுத் தூளும் புதைந்து கிடக்கும். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். செடி வெளிறிக்கொண்டே போகும். சுவரிலிருந்து 3 அடி தள்ளித் தோண்டுங்கள். இடிபாடு வந்தால் முழுவதையும் அள்ளிவிட்டுச் செம்மண் கொட்டுங்கள்.

தொட்டி என்றால் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 20 லிட்டர் பெயிண்ட் வாளி முதல் இரண்டு வருஷத்துக்குத் தாங்கும். அடியில் விரல் நுழையும் அளவு ஆறு ஓட்டை போடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்கவேண்டும், அதில் உப்பு இருக்கும். தொட்டியைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மே மாத மாடித் தளத்தின் சூடு அடியிலிருந்து வேரைச் சுடுவது அப்போதுதான் குறையும்.

தண்ணீர்

தரையில் வேர்பிடித்த செடிக்குக் கோடையில் வாரம் இரண்டு முறை, மற்ற நாளில் வாரம் ஒரு முறை, நன்றாக நனையும்படி. தொட்டிக்குக் கோடையில் தினமும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். தினம் காலையில் ஒரு சொம்பு என்று ஊற்றுவது மேல்மண்ணை மட்டும் நனைக்கும், வேரும் மேலேயே தங்கிவிடும்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். குழாயில் வந்த உப்பு அதில் செறிந்து இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை. அதைப் பிடித்து வையுங்கள், கீழே ஒரு வேலைக்கு அது ஆகும்.

கவாத்து

குண்டு மல்லிக்கு நவம்பர் கடைசி வாரம். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இருக்கும் என்பதால் தேதியைப் பிடித்துத் தொங்கவேண்டாம். வெட்டிய காயத்தில் மழைத் தண்ணீர் இறங்கினால் கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே கீழே வரும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடிக்கட்டும். டிசம்பர் முதல் வாரம் ஆனாலும் பாதகமில்லை. ஜனவரிக்குத் தள்ளினால் பூ வரத்தும் அந்த அளவுக்குத் தள்ளும்.

வெட்டுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். செடி ஓய்ந்து, இலை கொஞ்சம் பழுக்கும். அப்படி ஓய்ந்த செடி வெட்டியபின் ஒரே சீராகத் துளிர்க்கும்.

செடி கவாத்துக்கு இரண்டு வயது ஆகியிருக்கவேண்டும். முதல் வருஷச் செடிக்கு நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் போதும், பக்கக் கிளை வரும்.

தரையிலிருந்து ஒன்றரை அடி, அதாவது 45 முதல் 50 செ.மீ. உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக இருக்கட்டும். கணுவுக்கு ரொம்ப மேலே வெட்டினால் மிச்சக் குச்சி காய்ந்து அழுகும். பிறகு செடிக்குள் பாருங்கள். காய்ந்த குச்சி, பென்சிலைவிட மெலிந்த சோனிக் கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். ஐந்து முதல் எட்டு வலுவான தண்டு நின்றால் போதும். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவி எடுத்துவிடுங்கள். பூச்சிகள் ஒளிந்திருப்பது அவற்றில்தான். இந்த இடத்தில்தான் பலருக்கும் மனசு வராது, பாதியில் நிறுத்திவிடுவார்கள். பாதி வெட்டிய செடி மேல்பாதியில் மட்டும் துளிர்த்து, அடியில் மொட்டையாகவே நின்றுவிடும்.

கத்தரி கூராக இருக்கவேண்டும். மழுங்கிய கத்தரி பட்டையை நசுக்கும். விரல் தடிப்புக்கு மேற்பட்ட காயங்களில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக் கொல்லித் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிடுங்கள்.

வெட்டிய அன்றைக்கே உரம் வைத்துத் தண்ணீர் விடலாம். இரண்டு, மூன்று வாரத்தில் கணுவெல்லாம் செந்நிறத்திலோ இளம்பச்சையிலோ துளிர் தெரியும். பிப்ரவரிக் கடைசி, மார்ச்சில் முதல் மொட்டு. ஒவ்வொரு பூங்கொத்தும் ஓய்ந்ததும் அதன் கீழே ஒரு ஜோடி இலையோடு சேர்த்து நுனியைக் கிள்ளி எறியுங்கள். அங்கிருந்து இரண்டு தளிர் கிளம்பும், இரண்டும் மொட்டு வைக்கும். இப்படிக் கிள்ளிக்கொண்டே வந்தால் ஆடிவரை பூ ஓடும். மார்கழியில் பூ இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பனிக்கு எந்தத் தோட்டத்திலும் மொட்டு குறையும். அந்த மாதத்தில் மல்லி விலை எகிறுவதும் அதனால்தான்.

உரம்

தரையில் நிற்கும் வளர்ந்த செடிக்குக் கவாத்து முடிந்ததும் ஒருமுறை, ஜூன் அல்லது ஜூலையில் மறுமுறை. ஒவ்வொரு முறையும் தொழுவுரம் 5 கிலோ, யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாகக் கீறிப் போட்டு, மண்ணை மூடித் தண்ணீர் விடுங்கள். தண்டோடு ஒட்டிப் போட்டால் பட்டை வெந்துபோகும். யூரியாவை இன்னும் கொஞ்சம் என்று கூட்டாதீர்கள்; இலை தழைக்கும், மொட்டு குறையும், பூச்சி கூடும்.

தொட்டிச் செடிக்கு இந்த அளவு ஆகாது. மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை லிட்டர் ஊற்றலாம்.

இலை மஞ்சளாகிறதா

எங்கே மஞ்சள் என்று பார்க்காமல் உரம் வாங்கக் கிளம்பாதீர்கள். நுனி இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. போர்த் தண்ணீர் பாயும் வீடுகளில் இது மிகச் சாதாரணம். மண்ணில் இரும்பு இருந்தாலும், காரத்தன்மை ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. அதனால் மண்ணில் கொட்டுவதைவிட இலையில் தெளிப்பதே பலன் தரும். அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்ஃபேட்) 5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், அரை எலுமிச்சம்பழச் சாறு. தண்ணீரில் முதலில் எலுமிச்சைச் சாறு, பிறகு அன்னபேதி. மேலே சொன்ன ஏ.சி. தண்ணீர் இதற்குத்தான். உப்புத் தண்ணீரில் கரைத்தால் கொஞ்ச நேரத்தில் துரு நிறமாகிவிடும். அதில் செடிக்குப் பயன் இல்லை. கரைத்த உடனே, சாயங்காலம், இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. தரை ஓட்டில் சிந்தினால் கறை போகாது, சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.

அடி இலைகள் மட்டும் முழுக்க மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. மேலும் கீழுமாக எல்லா இலையும் வெளிறி, மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டு நின்றால் வேர் அழுகுகிறது. தண்ணீரை நிறுத்தி வடிகாலைப் பாருங்கள்.

மொட்டைக் கெடுப்பவை

பூக்கும் காலத்தில் தினமும் மொட்டைப் பாருங்கள். மொட்டில் ஊசி ஓட்டை, பக்கத்து மொட்டுகளை நூலால் பிணைத்த கூடு, ஊதா நிறமேறிக் காய்ந்த கொத்து தெரிந்தால் மொட்டுப்புழு. மொட்டின் அடிப்பகுதி வீங்கி, மேலே வளராமல் ஊதாவாகிக் கொட்டினால் மொட்டு ஈ. முதலாவது மொட்டுக்கு மொட்டு தாவித் தின்னும். இரண்டாவதன் புழு மொட்டுக்குள் வளர்ந்து மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். அதனால் மொட்டு ஈக்கு மேலே மட்டும் மருந்தடித்துப் பலனில்லை. செடியடி மண்ணைக் கொத்திவிட்டு வேப்பம் பிண்ணாக்குக் கால் கிலோ கலக்கவேண்டும். இரண்டுக்குமே முதல் வேலை, கெட்ட மொட்டையும் உதிர்ந்த மொட்டையும் தினமும் பொறுக்கி எரிப்பது. குப்பையாகச் செடியடியிலேயே விட்டால் ஈயை நீங்களே வளர்த்த மாதிரி.

தெளிக்க வேப்பங்கொட்டைச் சாறு. 50 கிராம் கொட்டையை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் அடியுங்கள். வாரம் ஒருமுறை. தலையில் சூடும் பூ, சாமிக்குச் சாத்தும் பூ, குழந்தைகள் கையில் எடுக்கும் பூ. ஒரு வீட்டுச் செடிக்கு விஷ மருந்து தேவையே இல்லை.

கோடையில் இலை மேல்பக்கம் மணல் தூவினாற்போலப் புள்ளி விழுந்து, அடியில் மெல்லிய நூல் தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மிச்சத்துக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம். வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் கழித்தே கந்தகம்.

பறிப்பது

விடிவதற்குள் பறியுங்கள். முழுதாகத் திரண்டு, பச்சை போய் வெள்ளையேறி, வாய் திறக்காத மொட்டு. அது அன்று சாயங்காலம் விரியும். நேற்றே விரிந்ததை இன்று பறித்தால் கட்டுவதற்குள் இதழ் உதிரும். காம்போடு கிள்ளுங்கள்; காம்பில்லாத மொட்டு நாரில் நிற்காது. பச்சை தெரியும் பிஞ்சு மொட்டைப் பறித்தால் மணமும் வராது, சரியாக விரியவும் செய்யாது. பறித்ததை ஈரத் துணியில் தளர்வாகச் சுற்றி நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டினால் மதியத்துக்குள் புழுங்கிப் பழுப்பேறிவிடும்.