விமான ஊழியர் சம்பளத் தகராறு: செய்தியை எப்படிப் படிப்பது

கோலாலம்பூரின் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திலும் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். கவுண்டரில், பெட்டி ஏற்றும் இடத்தில், கேபினில், விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில். ஆனால் அவர்களுடைய சம்பளத் தகராறு செய்தியில் வந்தால் நாமும் பயணிகளாகத்தான் படிக்கிறோம்: ஃபிளைட் உண்டா, தீபாவளிக்குப் போட்ட டிக்கெட் என்ன ஆகும். பெரும்பாலான செய்திகளும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. சம்பளம் பற்றிய விவரம் கடைசிப் பத்தியில் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது.

மலேசியச் செய்தி என்றால் முதலில் தகராறு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 'விமான ஊழியர் வேலைநிறுத்தம்' என்ற தலைப்பு இங்கே கிட்டத்தட்ட வராது. விமானப் போக்குவரத்து சட்டப்படி அத்தியாவசியச் சேவை. 1967ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து 21 நாள் ஆகாமல் வேலையை நிறுத்த முடியாது, அதற்கு முன்னால் தொழிற்சங்கச் சட்டப்படி ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும், தகராறு தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டால் வேலைநிறுத்தம் செய்யவே கூடாது. 1979இல் மாஸ் என்ற மலேசிய விமான நிறுவனத்தில் நடந்த தகராறில் சங்கத்துக்காரர்களை இசா சட்டத்தில், அதாவது விசாரணையில்லாமல் தடுத்து வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், பிடித்து வைத்தார்கள், சங்கத்தின் பதிவையும் ரத்து செய்தார்கள், அடுத்த ஆண்டே தொழிலாளர் சட்டங்களை இன்னும் இறுக்கினார்கள். அதனால் விமானங்கள் ஓடுகின்றன என்பதை வைத்து ஊழியர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

இங்கே தகராறு நாலு வரிச் செய்தியாகத்தான் வரும். 'அங்கீகாரம் கோரியது' என்றால் இன்னும் பேச்சே தொடங்கவில்லை, நிர்வாகம் அந்தச் சங்கத்தை ஏற்பதா இல்லையா என்ற நிலை, பதில் சொல்ல அதற்கு 21 நாள் அவகாசம். 'சமரசப் பேச்சு' என்றால் தொழில்துறை உறவு இலாகா நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 'தொழில் நீதிமன்றம்' என்றால் நீண்ட காலம் ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'மறியல்' என்ற சொல்லைக் கண்டால் மட்டும் நின்று படியுங்கள், பேசிப் பார்த்து அலுத்துப்போனவர்கள்தான் பெரும்பாலும் அட்டை பிடித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

அடுத்தது விழுக்காடு. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் கேபின் ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தியபோது நிறுவனம் சொன்ன 38 விழுக்காடு உலகம் முழுக்கத் தலைப்பில் ஓடியது. கேட்டால் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நான்கு ஆண்டுகளுக்கான மொத்தக் கணக்கு, அதுவும் சம்பளம் மட்டுமல்ல, மற்ற சலுகைகளையும் சேர்த்தது. முதல் ஆண்டுக்கான 8 விழுக்காடு விலைவாசிக்கே போதாது என்றது சங்கம். இங்கேயும் சங்கமும் நிர்வாகமும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் போடப்படுவது, அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் எத்தனை ஆண்டுக்கு, எதன் மேல் என்று கேளுங்கள். இரண்டும் இல்லாத எண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

'எதன் மேல்' என்பதுதான் இதில் முக்கியம். கேபின் ஊழியரின் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் ஒரு பகுதிதான், பறக்கும் நேரத்துக்கான அலவன்ஸ், வெளியூரில் தங்கும் அலவன்ஸ், விற்பனைக் கமிஷன் எல்லாம் தனி. 2020இல் விமானங்கள் தரையிறங்கி நின்றபோது இந்த அலவன்ஸ்கள்தான் முதலில் காணாமல் போயின, வீட்டுக் கடனும் கார் கடனும் அப்படியே இருந்தன. ஆகவே 'சம்பளம் குறைக்கப்படவில்லை' என்று நிர்வாகம் சொன்னால் அது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் சொல்கிறதா என்று பாருங்கள். ஏர் கனடாவில் சண்டையே இதைச் சுற்றித்தான்: பயணிகளை ஏற்றும் நேரத்துக்கும் விமானம் கிளம்பக் காத்திருக்கும் நேரத்துக்கும் அப்போது ஒழுங்கான சம்பளம் இருக்கவில்லை. கதவருகே சிரித்த முகத்தோடு நின்று நமக்கு வணக்கம் சொல்லும் அந்த நேரம் வேலை இல்லை என்றால் வேறு என்ன?

செய்தியில் யார் பேசுகிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நிர்வாகத்துக்குப் பத்திரிகைத் தொடர்பாளர் இருக்கிறார், தடைபட்ட பயணி மைக் முன்னால் நிற்கிறார், ஊழியர் மட்டும் 'பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்'. பயம் வீணானதல்ல. 2013இல் விமானப் பணியாளர் சங்கமான நுஃபாமின் தலைவர் ஊழியர் நிலைமை பற்றிப் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார், அதன் பிறகு மாஸில் அவருடைய வேலையே போனது. சங்கத் தலைவருக்கே அந்தக் கதி என்றால் சாதாரண ஊழியர் எப்படிப் பேசுவார்? பெயர் இல்லாத பேச்சு என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள், இரண்டு மூன்று இடங்களில் ஒரே குறை வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும் செய்தி நின்றுவிடும், நீங்கள் நிறுத்தாதீர்கள். ஏர் கனடாவில் மூன்று நான்கு நாளில் உடன்பாடு வந்தது, எல்லோரும் மறந்துவிட்டார்கள், ஆனால் செப்டம்பரில் உறுப்பினர்கள் 99 விழுக்காட்டுக்கும் மேல் அந்த உடன்பாட்டின் சம்பளப் பகுதியை நிராகரித்தார்கள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 2024 மே மாதம் பலர் ஒரே சமயத்தில் மருத்துவ விடுப்பு எடுத்தபோது ரத்தான விமானங்கள்தான் பெரிய செய்தி. அதற்காக நீக்கப்பட்ட ஊழியர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள நிறுவனம் சம்மதித்ததை எத்தனை பேர் படித்தோம்? இரண்டு வாரம் கழித்து நிறுவனத்தின் பெயரையும் 'யூனியன்' என்ற சொல்லையும் போட்டு மறுபடி தேடுங்கள், தமிழில் கிடைக்காவிட்டால் மலாயிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள்.

உங்கள் வீட்டிலேயே ஒருவர் அந்த நிறுவனத்தில் இருந்தால், அவருடைய ரோஸ்டரையோ (வேலை அட்டவணை) சம்பளச் சீட்டையோ வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், படத்திலுள்ள ஊழியர் எண்ணை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பத்திரிகையாளர் கேட்டால் சங்கத்தைக் கைகாட்டிவிடுங்கள். வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றால் 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும், அந்தத் தேதியை வீட்டில் இருக்கும் எல்லோரும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.