வாட்ச் செயினுக்கு வீட்டிலேயே பாலிஷ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டீல் செயினில் விழுந்த கீறல் மறைய வேண்டும் என்றால், சுற்றியிருக்கும் உலோகத்தை அந்தக் கீறலின் ஆழம்வரை தேய்த்து இறக்க வேண்டும். தேய்ந்த ஸ்டீல் திரும்ப வராது. நகத்தில் தட்டுப்படும் ஆழமான வெட்டுகளை அப்படியே விட்டுவிடுவதுதான் என் கட்சி.

செயின் எதனால் ஆனது என்று பார்க்காமல் தேய்ப்பதுதான் பெரிய தவறு. தங்க நிறம், கறுப்பு நிறம் எல்லாம் பெரும்பாலும் மேல்பூச்சு, தலைமுடியைவிட மெல்லியது. தேய்த்தால் அடியிலிருக்கும் உலோகம் திட்டுத்திட்டாகத் தெரியும், மறுபடி முலாம் பூசுவதைத் தவிர வழியில்லை. கேசியோ ஏ158 வாட்சில் செயின் ஸ்டீல், வாட்சின் உடலான கேஸோ குரோம் பூசிய பிளாஸ்டிக். செயினைக் கழற்றாமல் தேய்த்தால் கேஸின் ஓரம் போய்விடும்.

அடுத்தது, வட்டமாகத் தேய்ப்பது. விளக்கொளியில் செயினைச் சாய்த்துப் பாருங்கள். மங்கலான கண்ணிகளில் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். தேய்க்கும் பேடையும் (ஸ்கிரப்பர் மாதிரியான நார்ப் பட்டை) அதே திசையில், ஒரே பக்கமாக இழுக்க வேண்டும். இழுத்து, தூக்கி, மறுபடி ஆரம்பத்தில் வைத்து இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் கை திரும்பும் இடத்தில் கோடு வளைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர் இதற்கு முரடு. சாம்பல் நிற நைஸ் பேடில் தொடங்குங்கள். நடுவில் கண்ணாடிபோல் மின்னும் கண்ணிகள் இருந்தால் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்திவிடுங்கள். பேட் ஒருமுறை பட்டாலும் அந்த மினுமினுப்பு போச்சு. கொக்கியில் பொறித்த கம்பெனி முத்திரையையும் மூடுங்கள். லேசர் பொறிப்பு ஆழமே இருக்காது.

மின்னும் பகுதிக்கு மெட்டல் பாலிஷும் பருத்தித் துணியும் போதும். சுழலும் மெஷினைப் பிடித்தால் கண்ணிகளின் கூர்மையான விளிம்பு மழுங்கிவிடும், செயினின் அழகே அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

கழுவாமல் தொடங்காதீர்கள். கண்ணி இடுக்கில் இருக்கும் மணல் வெளியே வந்து புதுக் கீறல் போடும். பாத்திரம் கழுவும் லிக்விடும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும். முடித்த பிறகும் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் இடுக்கில் தங்கிய பாலிஷ் கறுப்பாகக் கசிந்து சட்டைக் கையில் ஒட்டும்.

வாங்கும்போது அளவு குறைத்துக் கடைக்காரர் கொடுத்த உபரிக் கண்ணிகள் டப்பாவிலேயே இருக்கும். ஒன்றில் தேய்த்துப் பழகுங்கள். இன்னொன்றைத் தொடாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டால், கோட்டின் ஆழம் கம்பெனி ஃபினிஷோடு ஒத்துப்போகிறதா என்று அவ்வப்போது ஒப்பிட்டுக்கொள்ளலாம்.