429 கோடியைக் கையால் உடைப்பது எப்படி?

4294967297. இது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 சேர்த்தது. பகா எண் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதைக் காரணிகளாகப் பிரித்துக் காட்டினார். என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இதைக் கால்குலேட்டர் இல்லாமல்தான் செய்யச் சொல்வேன்.

கடைசி இலக்கம் 7. ஆக 2, 5 இரண்டும் போயின. இலக்கங்களின் கூட்டல் 59, எனவே 3-உம் இல்லை. அப்புறம் வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்: 297 − 967 + 294 − 4 = −380. 380-ஐ 7, 11, 13 எதுவும் வகுக்காது. 7 × 11 × 13 = 1001 என்பதால், ஒரே கணக்கில் மூன்று எண்கள் கழிந்துவிட்டன!

இப்படியே ஒவ்வொன்றாகப் போனால் விடிந்துவிடும். இதன் பகாக் காரணி எதுவானாலும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். பின்னாளில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா நிறுவியது இது. அப்படிப்பட்ட பகா எண்களில் முதலாவது 257. அதுவும் நம் எண்ணைப் போல ஒரு ஃபெர்மா எண், அதாவது 2-இன் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டிக்கும் அடுக்குகளில் ஒன்றோடு 1 சேர்த்தது. இரு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி கிடையாது, விட்டுவிடலாம். அடுத்தது 641.

நேராக வகுக்க வேண்டாம். 2-இன் 16-ஆம் அடுக்கு 65536. அதை 641-ஆல் வகுத்தால் மீதி 154. 65536-இன் வர்க்கம்தான் 2-இன் 32-ஆம் அடுக்கு, ஆகவே மீதியை வர்க்கமாக்கினால் போதும். 154-இன் வர்க்கம் 23716. ஒன்று கூட்டினால் 23717, அதாவது 641 × 37. மீதியே இல்லை! எனக்கு மிகப் பிடித்த வரி இதுதான்.

ஈவு 6700417. அதுவும் உடையுமா? சரி, அதன் வர்க்கமூலம் 2589-க்குள்தான், அதுவரை 257 தவிர அப்படிப்பட்ட பகா எண்கள் 641, 769, 1153, 1409 மட்டுமே; இந்த நான்கால் மட்டும் வகுத்துப் பாருங்கள். எதுவும் வகுக்காது, அது பகா எண்.