கம்ப்ரசரில் ஆயில் குறைந்தால் முதலில் கேனைத் தேடாதீர்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் கம்பெனிகள் மிஷினைப் பிரித்துப் பார்ப்பது இந்த 61 நாளில்தான். இந்த முறை நான் போன ஒரு கம்பெனியில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் குளிரூட்டும் அமோனியா கேஸை அழுத்தும் கம்ப்ரசரைக் காட்டி, "சீசன்ல வாரம் அஞ்சு லிட்டர் ஆயில் கேட்டுச்சுண்ணே, நானும் விடாம ஊத்திட்டேன்" என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் புதியவர்கள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். பெல்ட் தொய்வு, போல்ட் முறுக்கு எல்லாம் யாராவது சொல்லிக் கொடுப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எங்கே போனது என்று கேட்காமல் ஊற்றுவது

லாரி இன்ஜின் ஆயிலை எரித்துப் புகையாக விடும். கம்ப்ரசரில் அந்தப் பேச்சே கிடையாது, எல்லாம் மூடிய சுற்று. ஷாஃப்ட் சீலில் ஒழுகினால் தரையிலேயே தெரியும். தரை காய்ந்திருக்கிறது, ஆயில் அளவைப் பார்க்கும் கண்ணாடியான சைட் கிளாஸில் மட்டம் மட்டும் இறங்குகிறது என்றால், அழுத்திய கேஸ் வெளியேறும் டிஸ்சார்ஜ் லைனில் ஆயில் ஏறிப்போய் உள்ளேயே எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். நாம் ஊற்றும் மினரல் ஆயில் அமோனியாவில் கரையாது. திரவ அமோனியாவைவிடக் கனமும் கூட. அதனால் அடியில் தங்கி, குளிரில் கெட்டியாகி, குளிரூட்டும் காயிலின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் நடப்பதுதான் கொடுமை. ஆயில் படிந்த காயில், ஐஸ் கேன்கள் மூழ்கியிருக்கும் உப்புநீரான பிரைனின் சூட்டைச் சரியாக இழுக்காது. கம்ப்ரசர் கேஸை உள்ளிழுக்கும் பக்கத்துச் சக்ஷன் பிரஷர் இறங்கும். வெளியேற்றும் பக்கத்து ஹெட் பிரஷர் அங்கேயே நிற்பதால் டிஸ்சார்ஜ் சூடு ஏறும். சூடு ஏற ஏற ஆயில் ஆவியாகவும் கிளம்பும். கேஸிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் செபரேட்டர் துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆக, ஊற்ற ஊற்ற இன்னும் குறையும்.

நான் மூன்று மாதம் இப்படி ஊற்றினேன். சக்ஷன் 20 பவுண்டில் நிற்க வேண்டிய மிஷின் 12-க்கு வந்துவிட்டது. ஒரு நாளில் உறைய வேண்டிய ஐஸ் பார், ஐஸ் கேனிலிருந்து எடுத்தால் நடுவில் தண்ணீராகவே இருந்தது. நான் கேஸ் குறைவு என்று நினைத்து அமோனியாவும் ஏற்றச் சொன்னேன். கடைசியில் ஒரு மூத்த ஃபிட்டர் வந்தார். மீட்டர் எதையும் பார்க்கவில்லை. செபரேட்டரிலிருந்து, கம்ப்ரசரின் அடியில் ஆயில் நிற்கும் கிராங்க் கேஸுக்கு வரும் சின்ன ரிட்டர்ன் பைப்பில் புறங்கையை வைத்துப் பத்து நிமிடம் நின்றார். பைப் சில்லென்றே இருந்தது. செபரேட்டரைப் பிரித்தோம். ஆயில் மட்டம் ஏறினால் திறக்க வேண்டிய ஃப்ளோட் வால்வின் ஊசி கசடு பிடித்து, மூடியது மூடியபடியே சிக்கியிருந்தது. பிறகு காயில் அடியிலிருந்து மட்டும் 40 லிட்டருக்கு மேல் கருப்பாக வடித்தோம். சூட்டில் கரி பிடித்த டிஸ்சார்ஜ் வால்வு பிளேட்டுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த மூன்று மாதக் கரண்டு பில்லை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.

அந்த ரிட்டர்ன் பைப் விட்டு விட்டுச் சூடாக வேண்டும், அதுதான் சரி. எப்போதும் சில்லென்று இருந்தால் ஃப்ளோட் மூடிக்கொண்டது. எப்போதும் கொதித்தால் திறந்தபடி மாட்டிக்கொண்டு, சூடான கேஸ் நேரே கிராங்க் கேஸுக்குப் போகிறது. பைப் சரியாக இருந்தும் ஆயில் போகிறதா? அப்போது பிஸ்டன் ரிங் தேய்மானத்தைப் பாருங்கள். ஊற்றும் ஒவ்வொரு லிட்டரையும், வடிக்கும் ஒவ்வொரு லிட்டரையும் லாக் புக்கில் எழுதுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். தம்பியின் லாக் புக்கில் ஊற்றிய கணக்கு இருந்தது, வடித்த கணக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆயில் கேஜை அப்படியே நம்புவது

ஆயில் பம்ப் இழுக்கும் கிராங்க் கேஸிலேயே சக்ஷன் பிரஷர் இருக்கும். அதனால் கேஜ் 50 பவுண்டு காட்டுகிறது, சக்ஷன் 20 என்றால் பேரிங்குக்குக் கிடைக்கும் பிரஷர் 30தான். கழித்துப் பாருங்கள்.

ஆயில் வடிக்கும்போது நகர்ந்து போவது

இதில் உயிர் போகும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் முதலில் வராது. வரவில்லையே என்று வால்வை இன்னும் திறப்பார்கள். அடைப்பு திடீரென்று விட்டால் ஆயிலுக்குப் பின்னால் அமோனியா பீறிடும். ஆயில் வடிக்கும் பாத்திரத்தை மற்ற லைன்களிலிருந்து தனிமைப்படுத்தி, ஆயில் இளகும்வரை பொறுத்திருங்கள். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு இல்லாத இடத்தில் நான் வடிப்பதில்லை. முகமூடியும் கையுறையும் போட்டு, இரண்டு பேராக நில்லுங்கள். ஒருவர் டீ குடிக்கப் போனால், மற்றவர் வால்வை மூடிவிட்டுக் காத்திருக்கட்டும்.

பக்கத்து அறை ஆயிலை ஊற்றுவது

ஆர்404ஏ என்ற வேறு கேஸில் ஓடும் மிஷினுக்கு வாங்கிய எஸ்டர் ஆயில் அமோனியாவோடு சேர்ந்தால் கசடாகும். கேனில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.

ஃபில்டரை வேஸ்ட் துணியால் துடைப்பது

நூல் பிரிந்து உள்ளே போகும். வேண்டாம்.

தடை முடிந்ததும் சட்டென்று ஸ்டார்ட் போடுவது

இரண்டு மாதம் நின்ற மிஷினில், வால்வு கொஞ்சம் கசிந்தாலும் அமோனியா கிராங்க் கேஸில் திரவமாகத் தேங்கியிருக்கலாம். சுவிட்சைப் போட்ட நொடியில் அது கொதித்து ஆயிலை நுரையாக்கும். பம்ப் நுரையை இழுக்கும், பேரிங் காய்ந்து ஓடும். முந்தைய நாளே கிராங்க் கேஸ் ஹீட்டரைப் போட்டுவிடுங்கள். காலையில் ஃப்ளைவீலைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். பிறகு சக்ஷன் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். சைட் கிளாஸில் நுரை எழும்பினால் அங்கேயே நிறுத்தி, அடங்கிய பிறகு அடுத்த கால் திருப்பு.